வலப்பக்கத்து ஆள்

காத்தான்குடியில் நான் கூடு தைக்கிறவள்.
ஆட்டோவுக்குக் கூடு, பட்டா லொறிக்குக் கூடு,
மாரி பிறந்தால் தோணிகளுக்கு மூடுசீலை.
அளவெடுக்க டேப் தேவையில்லை, சாண் போதும்.
இதற்குச் சாண் போதவில்லை.

தாண்டவன்வெளியில் எவரெட் அந்தராடோவின் பட்டறை,
பலாமரத்தை ஒட்டி அது நின்றது.
கிறைஸ்லர். அறுபத்திரண்டாம் வருசம்.
நாலு கதவு வைக்கிற நீளத்தில்
இரண்டே கதவு.
கூரையை எலி தின்றுவிட்டது என்றார்.
கம்பிகள் மட்டும் வானத்தை இடுக்கிக்கொண்டு
பாதியில் நின்றன.

சம்மாந்துறை மில்காரர் வாங்கிப் போட்டது.
காசு அவருடையது,
பதினாலு மாதம் எவரெட்டுடையது.
கதவடியில் உப்புக்காற்று அரித்த ஓட்டைகளுக்கு
வைத்து ஒட்டிய தகரத்தில் ஒரு துண்டு
பால்மா டின் என்று
எனக்கு மட்டும் சொன்னார்.

எட்டுச் சிலிண்டர்.
முதல்முதல் ஸ்டார்ட் பண்ணிய அன்று
பக்கத்து வளவுக் கோழிகள் மதிலில் ஏறின.
கியூஆர் காட்டிப் பெற்றோல் வாங்கிய காலம் அது,
ஒரு இருமலுக்கு ஒரு போத்தல் குடித்தது.

நான் தைத்தேன்.
வெளியே கறுப்பு, உள்ளே சாம்பல், நடுவில் றப்பர்.
பின்கண்ணாடிக்கு மட்டும் ஒரு கிழமை.
ஊசித் துளையால் தண்ணி புகும் என்று
நூலுக்கு மெழுகு தேய்த்தேன், நகம் வெடிக்க.
எவரெட் வாளி வாளியாய் மேலே ஊற்ற
நான் உள்ளே குந்தி
மடியில் வெள்ளைக் கடதாசியை விரித்துக்கொண்டு
ஒரு மணித்தியாலம் பார்த்திருந்தேன்.
ஒரு சொட்டு விழவில்லை.
விழுந்ததெல்லாம் என் வியர்வை.

மில்காரர் வந்தார்.
குறோமியத்தில் தாடியைச் சரிபார்த்தார்.
சுவிட்சை அழுத்தச் சொன்னார்.
என் மூன்று மாதம் முனகியபடி எழும்பி
பின்னால் சரிந்து, மடிந்து,
ஒரு மூடிக்குள் போய்ப் படுத்தது.
‘இனி இப்படியே கிடக்கட்டும்.
மூடி வைக்கவா இவ்வளவு காசும் அழிச்சன்?’
அவர் சொன்னதில் பிழையில்லை.
கூலியை எண்ணித் தந்தார், மேலே ஐந்நூறும்.

கொண்டுபோய்க் கொடுக்கிற நாள்
எவரெட் கோல் எடுத்தார்.
ஸ்டியரிங் இடப்பக்கம், தங்கச்சி.
லொறிக்குப் பின்னால் மாட்டினால்
எதிரே வாறது எனக்குத் தெரியாது.
பொடியனுக்குக் காய்ச்சல்.
வலப்பக்கத்தில் கண்ணுள்ள ஆள் ஒன்று வேணும்.

ஊருக்குள் ஏறமாட்டேன் என்றேன்.
ஈச்சமரத்துக்குக் கீழே நிற்கிறவர்களுக்கு
ஒரு மாதத்துக்கு அது காணும்.
ஆரையம்பதி தாண்டி, சந்தி ஆலமரத்தடியில் நின்றேன்,
முக்காட்டில் ஊசி இரண்டு கூடுதலாய்.

களுவாஞ்சிகுடிக்கு இப்பால்
நெல் லொறி ஒன்று முன்னால் விழுந்தது.
உமி பறந்து வந்து புது சீற்றில் படிந்தது.
எவரெட் ஒன்றும் கேட்கவில்லை.
கண்ணாடிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.
பஸ். பொறுங்க.
சைக்கிளில் மீன்பெட்டி. பொறுங்க.
பிறகு வெறும் தார், அதன் நுனியில் வெயில்.

போங்க.

மிதித்தார்.
முதுகை யாரோ பின்னால் இழுத்து வைத்தது போல.
வாளி ஊற்றி, கடதாசி விரித்து
வராமல் பார்த்துக்கொண்ட அத்தனையும்
முகத்தில் வந்து அடித்தது: காற்று, உமி, ஒரு தும்பி.
லொறி எங்கே போனது என்று பார்க்கவில்லை.
எவரெட் எதையோ சொன்னார், பறங்கிப் பாஷையில்.
விளங்கப்படுத்தவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்தது பஸ்ஸில்.
வலப்பக்கச் சன்னல்.
கல்முனை தாண்ட, முன்னால் உழவு மெசின்,
ட்ரைவர் தயங்கித் தயங்கி உருட்டுகிறார்,
எதிரே ஒரு குருவிகூட இல்லை.
‘போங்க’ என்றேன், உரத்து.

பக்கத்தில் இருந்தவள்
மடியிலிருந்த வெண்டிக்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு
பாதி எழும்பினாள்.
‘எங்க?’ என்றாள்.